வெட்டுப்பட்ட டிராகன் காசு

பழைய வெள்ளி வாங்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "மேடம், பழைய சீன வெள்ளிக் காசு கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எடையா, ஓசையா, விளிம்பா?" எடை, ஓசை, விளிம்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் படித்துக்கொள்ளலாம். நான் முதலில் பார்ப்பது காசைக் கொண்டுவந்தவரை. அவர் எதற்காகக் கேட்கிறார், நான் சொல்லும் பதிலை எடுத்துக்கொண்டு எங்கே போகப் போகிறார் என்று தெரியாமல் லென்ஸைக் கண்ணில் வைக்கவே மாட்டேன். இதைக் கேட்டு அவர் சிரித்தார். சிரிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு நகைக்கடையில், பழைய வெள்ளி வாங்கும் கவுண்டரில் என் வேலைக்காலம் முழுவதும் ஓடியது. கொலுசு விற்கச் சேர்ந்தவள் நான். பழைய காசுகள் மீது எனக்கு இருந்த பைத்தியத்தைப் பார்த்து முதலாளி இடம் மாற்றினார். சீனக் காசு திண்டுக்கல்லுக்கு எப்படி வந்தது என்று சென்னைக்காரர்கள் என்னிடம் ஆச்சரியப்படுவார்கள். தோல் வியாபாரம் கப்பலேறிய ஊர் இது. பினாங்குக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க உண்டு. போனவர்கள் திரும்பும்போது இடுப்பு வாரிலும் தகரப் பெட்டியிலும் அந்தக் காசுகளும் வந்தன. எனக்குச் சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் தெரிந்தவர் முகத்தை அடையாளம் காண்பதுபோல ஒவ்வொரு எழுத்தையும் எனக்கு அடையாளம் தெரியும். மதுரை, கோயம்புத்தூர் கடைகளிலிருந்தெல்லாம் சந்தேகம் கேட்டு எனக்குப் போன் வரும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை எனக்குச் சும்மா கிடைத்ததல்ல.

நம் ஊர்க்காரர்கள் காசு விஷயத்தில் செய்கிற ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் அது கதைக்கு வேண்டும். கீரனூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பளபளவென்று மின்னும் ஒரு வெள்ளிக் காசை மேசையில் வைத்து, "ஏனுங்க, வரும்போது சுத்தமா வரோணும்னு புளி போட்டு ஊறவச்சு, திருநீறு போட்டு நல்லாத் தேச்சுக் கொண்டாந்தனுங்க" என்றார். அசல் காசு. ஆனால் காலம் அதன்மேல் பூசியிருந்த கருப்பையும், மேடு பள்ளங்களில் இருந்த கூர்மையையும், அவர் மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்து எடுத்துவிட்டார். சேகரிப்பவர்கள் அந்தக் கருப்புக்குத்தான் விலை தருவார்கள் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "அழுக்குக்கு எவனுங்க காசு தருவான்?" என்று கேட்டுவிட்டுக் கோபத்தோடு போனார். அழுக்குக்குக் காசு மட்டுமல்ல, அதைவிடப் பெரிய மதிப்பும் உண்டு என்று எனக்குக் காட்டியது செலின் வீட்டுக் காசு.

ஒரு சாயங்காலம் கடை கலகலப்பு அடங்கிய நேரத்தில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என் கவுண்டருக்கு முன்னால் நின்றார். பெயர் அருள். நத்தம் பக்கம் ஒரு கிராமம். கையில் காசு எதுவும் இல்லை.

"அக்கா, நாளைக்கு எங்க அண்ணன் ஒரு சீனக் காசக் கொண்டாருவாரு. அத நெசக் காசுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. அம்புட்டுப் போதும்."

"காசப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"பாத்துட்டுத்தான் சொல்லுங்க. ஆனா நெசம்னு சொல்லுங்க."

உட்காரச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான். அவருடைய தாத்தாவின் அப்பா பினாங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு டிராகன் காசு கொண்டுவந்தார். அதை வெள்ளிக் கூட்டில் பதித்துப் பதக்கமாக்கினார்கள். அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும், எந்த மருமகள் வந்தாலும், மாதா கோயிலில் தாலி கட்டும்போது கழுத்தில் அந்தப் பதக்கம் இருக்கும். மற்ற நாளெல்லாம் பீரோவில் இருக்கும். அருளின் அம்மா கண் மூடுமுன் அதைச் சின்ன மருமகளிடம் கொடுத்தார். சின்ன மருமகள் அருளின் மனைவி செலின்.

சில மாதங்களுக்கு முன் அண்ணன் சவரிமுத்து போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். டிராகன் காசு இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று ஒருவன் கத்துகிற வீடியோ. உங்களுக்கும் அந்த மாதிரி வீடியோக்களால் தினமும் தலைவலி இருக்கும். மகள் ரெஜினாவுக்கு வரன் முடிவாகியிருந்த நேரம். காசுக்கு என்ன விலை போகும் என்று தெரிந்துகொள்ளலாம் என்று பதக்கத்தைச் செலினிடம் கேட்டு வாங்கி, மதுரையில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனார். அந்த ஆள் கூட்டிலிருந்து காசை நெம்பி எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வெட்டு. வெட்டுக்குள்ளே செம்பு தெரிந்தது. "போலி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு வார்த்தையோடு சவரிமுத்து ஊருக்குத் திரும்பினார். பினாங்கிலிருந்து ஒரு மனிதன் செம்புக் காசையா கடல் தாண்டிச் சுமந்துவருவான்? அப்படியென்றால் அசல் காசு எங்கே? பீரோச் சாவி யாரிடம் இருந்தது? செலினிடம். அவள் மாற்றி வைத்துவிட்டாள். அவள் தம்பிக்கு ஆட்டோ வாங்கக் காசு எப்படி வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது. இப்படிப் பேச்சு வளர்ந்து, செலின் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரெஜினா கல்யாணத்துக்கு அவள் வரக்கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"ரெஜினா சின்னப் பிள்ளையில கோயில்ல முதல் நன்மை வாங்கும்போது வெள்ளக் கவுனு தச்சுப் போட்டதே செலின்தான், அக்கா. அந்தப் பிள்ளையே இப்ப எங்க சித்தியா இப்பிடின்னு கேக்குது. நெசக் காசுன்னு நீங்க சொல்லிட்டா அம்புட்டும் அடங்கிரும்" என்றார் அருள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு மனம் இளகாமல் இல்லை. ஒரு பொய் சொன்னால் ஒரு பெண் வீட்டுக்குத் திரும்புவாள். இதில் யாருக்கு நஷ்டம் என்று நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் நான் யோசித்தது வேறு. நான் நெசம் என்று சொன்னால் சவரிமுத்து அதை விற்கக் கொண்டுபோவார். அடுத்த கடைக்காரன் வெட்டைப் பார்த்துச் சிரிப்பான். அப்போது செலின் கடைக்காரியையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்ற பேரும் சேர்ந்துகொள்ளும். அதிலிருந்து அவள் எழுந்திருக்கவே முடியாது. இரக்கப்பட்டுச் சொல்லும் பொய் அடுத்த கடை வாசல் வரைக்கும்தான் தாங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"உங்க வீட்டுக்காரிய நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் பாத்தது என்னவோ அதத்தான் சொல்லுவேன்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போனார்.

மறுநாள் காலையில் சவரிமுத்து வந்தார். வெள்ளை வேட்டி, கையில் போன், பின்னால் தம்பி. புளி, மாங்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர். குரலே ஏலக்கடைக் குரல். மகள் கல்யாண நகையை எங்கள் கடையில்தான் எடுப்பதாக இருந்தார் என்பதால் முதலாளியே எழுந்துவந்து நாற்காலி போட்டார். போகிற போக்கில் என் காதருகே குனிந்து, "அவர் மனசு கோணாமப் பேசுங்கம்மா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். செலின் தனியாக டவுன் பஸ்ஸில் வந்திறங்கி, கொலுசுப் பிரிவுக்குப் பக்கத்தில் யாருக்கும் சம்பந்தமில்லாதவள்போல நின்றாள். மெலிந்த பெண். அழுது ஓய்ந்த முகம் இல்லை; கோபத்தை அடக்கி வைத்திருக்கிற முகம்.

"நீங்கதான் பாக்குறதாம்மா? ஆம்பளையாளு யாரும் இல்லையா?" என்றார் சவரிமுத்து.

"இருக்காங்க. காபி வாங்கப் போயிருக்காங்க. காசக் கொடுங்க" என்றேன்.

காசை வாங்கி மேசைக் கண்ணாடியின்மேல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்தேன். இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் பொருள் ஒரு நிமிடமும் அவர் பார்வையை விட்டு உங்கள் பக்கம் மறையக் கூடாது. குடும்பச் சண்டையில் இருக்கும் பொருள் என்றால் கேட்கவே வேண்டாம்.

முன்பக்கத்தில் டிராகன் தேய்ந்து, ஆனாலும் திமிராகச் சுருண்டிருந்தது. திருப்பினேன். சீன எழுத்துகளுக்குக் குறுக்காக ஓர் உளி வெட்டு. கடையில் இருக்கும், உலோகம் சோதிக்கும் மெஷினிலும் வைத்துப் பார்த்தேன். மேலே மெல்லிய வெள்ளி, உள்ளே செம்பு. மெஷின் சொல்வதற்கு முன்பே எழுத்துகள் எனக்குச் சொல்லிவிட்டன. கோடுகளின் நுனி கூராக இல்லாமல் சோப்புக்கட்டிமேல் எழுதியதுபோல வழுவழுத்துக் கிடந்தது. அச்சில் அடித்த காசு அப்படி இருக்காது. இது அசல் காசிலிருந்து வார்ப்பு எடுத்து, செம்பை உருக்கி ஊற்றி, மேலே வெள்ளி பூசிய காசு.

செலினைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது போலிதான்" என்றேன்.

"கேட்டுக்கிட்டியாலே?" என்று சவரிமுத்து தம்பியின் பக்கம் திரும்பினார். "மதுரைக்காரன் சொன்னா நம்ப மாட்டேன்ன. இப்ப இந்த அம்மாவும் சொல்லிட்டாக. இன்னும் யாரு வந்து சொல்லணும் ஒனக்கு?" எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அருள் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இன்னும் முடிக்கல. உட்காருங்க" என்றேன்.

"இன்னும் என்ன இருக்கு? போலின்னா போலிதான?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போலி என்று சொன்னதோடு பாதி வேலைதான் முடிந்தது. எப்போது செய்த போலி என்பது மீதிப் பாதி. போன மாதம் செய்த போலியும் உண்டு. அந்தக் காசு புழங்கிய காலத்திலேயே, சந்தையில் யாரையோ ஏமாற்றச் செய்த போலியும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. மதுரைக்காரர் முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். மெஷினும் அதைத்தான் செய்தது. உலோகத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

எனக்கு அந்த வெட்டு ஒன்றைச் சொன்னது. அந்தக் காலத்தில் துறைமுக ஊர்களில் வெள்ளிக் காசை வாங்கும் வியாபாரி, நல்ல காசு என்றால் தன் கடை முத்திரையைச் சின்னதாகக் குத்தித் திருப்பிக் கொடுப்பான். சந்தேகம் வந்தால் உளியால் ஒரு போடு போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவான். இது அந்தப் போடு. ஆனால் இன்றைக்குப் போலி செய்கிறவனும் பழசுபோலக் காட்ட வெட்டு வைக்கிறான். அதனால் வெட்டை மட்டும் வைத்து நான் வாய் திறக்க முடியாது. லென்ஸை வைத்து வெட்டுக்குள் இன்னும் நெருங்கிப் பார்த்தேன். அதன் ஒரு பாதியில் செங்கல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அரக்கு.

நகை செய்கிறவர்கள் கூட்டுக்குள் கல்லையோ காசையோ ஆடாமல் பதிக்க, செங்கல் பொடி கலந்த அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். சூடாக இருக்கும்போது அது காசின் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கும். ஆறினால் கல்லாகிவிடும். காசில் பள்ளமாக இருப்பது அரக்கில் மேடாக நிற்கும்.

"இந்தப் பதக்கத்தோட கூடு எங்க?" என்றேன்.

"அது வீட்டுல கெடக்கு. எதுக்கு?"

"அத எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"ஏம்மா, காசே போலிங்கறீக, கூட்ட வச்சு என்ன செய்யப் போறீக? நான் மண்டிக்குப் போகணும்."

"நீங்க ஒரு பொம்பளையத் திருடின்னு சொல்லிட்டுத்தான் இந்தக் கடைக்குள்ள வந்திருக்கீக. அதுக்கு ஒரு பொழுது காத்திருக்க மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து என்னை முறைத்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சவரிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பியைப் போய் எடுத்துவரச் சொன்னார்.

நத்தம் பக்கம் போய்த் திரும்ப நேரமாகும். காசு கண்ணாடிமேலேயே கிடந்தது, யாரும் தொடவில்லை. சவரிமுத்து போனில் புளி விலை பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து செலினிடம் போனேன்.

"இங்க பாரு. அந்தக் கூட்டுல இருக்குற அரக்கு புதுசா இருந்தா, அதையும் நான் எல்லாருக்கும் முன்னாடி சொல்லித்தான் ஆவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்கக்கா. கூடு வரட்டும்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். "எங்க அத்த அதக் கையில குடுக்கும்போது, புளி கிளி போட்டுத் தேச்சுராத, வெறுந்துணியால தொடச்சு வையின்னு சொன்னாக. அதத் தவிர நான் அதுல கையே வைக்கல. வீட்டுக்கு வாரேன், வரல, அது வேற. ரெஜினா அப்பிடி நெனச்சுக்கிட்டே மாலை போட்டுக்கிட்டு நிக்கும்ல, அதத்தான் என்னால தாங்க முடியல."

எனக்கு அவளை நம்பத் தோன்றியது. ஆனால் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கூடு வருவதற்குள் எனக்கிருந்த பயத்தையும் சொல்கிறேன். மதுரைக்காரர் சூடு காட்டாமல் நெம்பியிருக்கிறார். அரக்கு முழுவதும் பொடிந்து போயிருந்தால் என்னிடம் வேறு ஒரு சாட்சியும் கிடையாது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். தெரியவில்லை என்ற பதிலோடு அவள் திரும்ப அம்மா வீட்டுக்குத்தான் போவாள்.

அருள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே துணியில் சுற்றிய வெள்ளிக் கூடு. துணியைப் பிரித்தேன். அரக்கு இரண்டாக விரிசல் விட்டு, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து, ஆனால் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் சீன எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிப் பதிந்திருந்தன. அந்த எழுத்துகளுக்குக் குறுக்காக ஒரு சின்ன வரப்பு. பாதி வரப்புதான் நின்றது. மீதிப் பாதி ஒடிந்திருந்தது.

நான் கூட்டைத் தொடவில்லை. துணியோடு அப்படியே சவரிமுத்து முன்னால் நகர்த்தினேன்.

"நீங்களே காச எடுத்து இதுல வைங்க. டிராகன் மேல பாக்குற மாதிரி வைங்க."

அவர் சலிப்போடு எடுத்து வைத்தார். காசு உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. "ஒக்காரலையே" என்றார்.

"மெதுவாச் சுத்துங்க."

சுற்றினார். காசு ஆடிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் சின்னதாக ஒரு சத்தம். காசு இறங்கி உட்கார்ந்தது. அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். அவர் விரலுக்குப் புரிந்துவிட்டது. வாய்க்கு வர நேரம் பிடித்தது.

"இந்த மாதிரிக் காசு எத இதுல வச்சாலும் எழுத்து ஏறக்குறையப் பொருந்தும்" என்றேன். "ஆனா இந்த வெட்டு வேற எந்தக் காசுலயும் இல்ல. வெட்டுக்குள்ள இறங்குன அரக்குதான் இங்க வரப்பா நிக்குது. ஒடிஞ்ச பாதி காசோட வெட்டுலயே மாட்டிக்கிட்டு இருக்கு, லென்ஸ்ல பாருங்க. இந்தக் கூட்டுல அரக்கு ஊத்துன அன்னைக்கு உள்ள இருந்தது இதே காசுதான்."

அவர் சுலபமாக விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. யோசித்துவிட்டு, "சரி. அந்த அரக்க எப்ப ஊத்துனாக? போன வருசம் இவ ஊத்தச் சொல்லியிருந்தா?" என்றார். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்காக அவர்மேல் எனக்கு மரியாதையே வந்தது. நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பட்டறையிலிருந்து எங்கள் ஆசாரி அந்த மாதம் காய்ச்சிய அரக்கில் ஒரு துண்டை வாங்கிவந்து உடைத்தேன். உடைந்த இடம் பளபளத்தது. பக்கத்தில் கூட்டிலிருந்து பெயர்ந்த சில்லை வைத்தேன்.

"பழம்புளி எது, புதுப்புளி எதுன்னு ஒடச்ச இடத்தப் பாத்தே சொல்லுவீகள்ல? இதச் சொல்லுங்க."

இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தார். நகத்தால் கீறினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். புதிய துண்டு நகத்துக்கு வழுக்கியது. பழைய சில்லு மங்கி, உள்வரைக்கும் உயிரற்றுப் போயிருந்தது. கீறிய இடத்தில் மாவாக உதிர்ந்தது. கூட்டின் ஓரத்தையும் காட்டினேன். அரக்குக்கும் வெள்ளிக்கும் நடுவில் இடைவெளியே தெரியாமல், எத்தனையோ கல்யாணப் பெண்களின் வியர்வையும் பவுடரும் எண்ணெயும் சேர்ந்த கருப்பு அழுக்கு கெட்டிப்பட்டு ஓடியது. யாராவது இடையில் அரக்கை உருக்கியிருந்தால் அந்தக் கோடு அறுந்திருக்கும். மாமியார் சொன்னதைக் கேட்டு செலின் புளி போட்டுத் தேய்க்காமல் வைத்திருந்த அழுக்கு. தேய்த்திருந்தால் எனக்கு இந்தச் சாட்சியும் கிடைத்திருக்காது.

சவரிமுத்து சில்லை மேசையில் வைத்தார். "இது பழசு. ரொம்பப் பழசு" என்றார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். கொலுசு பார்க்க வந்த இரண்டு பெண்கள்கூட கொலுசைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எங்க பூட்டன்தான் ஏமாந்துட்டாரா?"

"ஏமாந்தாரா, தெரிஞ்சே வச்சுக்கிட்டாரான்னு இந்தக் காசு சொல்லல. வெட்டு உள்பக்கமா இருக்குற மாதிரி பதிச்சிருக்காங்க, அம்புட்டுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல நான் சொன்னா அது கதை."

தன் பூட்டனுக்குப் பினாங்கு முதலாளி மெச்சிக் கொடுத்த காசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் சவரிமுத்து. அந்தப் பெருமை போய்விட்டது. அதைவிடக் கனமான வேறொன்று அவர் தலையில் இறங்கியிருந்தது. திரும்பி, கொலுசுப் பிரிவைப் பார்த்தார். "ஏம்மா செலின்" என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. செலின் அவரைக் காப்பாற்ற முன்வரவில்லை. அதற்காக அவளை எனக்கு மிகவும் பிடித்தது. நேரே கவுண்டருக்கு வந்தாள். காசும் கூடும் ஆளுக்கு ஒரு பக்கம் கிடந்ததைப் பார்த்தாள்.

"அக்கா, இத மறுபடி பதிச்சுக் குடுப்பீகளா? ரெஜினாவுக்குக் கல்யாணம் வருது" என்றாள்.

ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சவரிமுத்து அவசரமாக, "முன்ன இருந்த மாதிரியே வெட்ட உள்ள வச்சு மூடிருங்க" என்றார்.

"வேண்டாம் பெரிய மாமா" என்றாள் செலின். குரல் உயரவில்லை. "வெட்டு வெளிய தெரியட்டும். மூடி வச்சதாலதான இம்புட்டும் வந்துச்சு?"

ஆசாரி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"அவ சொன்ன மாதிரியே வைங்க" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அதுதான். போதுமா, போதாதா என்பதைச் செலின்தான் சொல்ல வேண்டும், நான் கேட்கவில்லை. அன்றைக்கு அருளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் போனது மட்டும் எனக்குத் தெரியும்.

இதில் நான் செய்தது என்ன என்று இன்றும் யோசிப்பேன். சீனக் காசில் கரைகண்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்தக் காசைப் போலி என்று சொல்ல யாராலும் முடியும்; மதுரைக்காரருக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு சவரிமுத்து எங்கே போவார், யார் தலையில் அதைப் போடுவார் என்று கேட்டவள் நான். அதனால்தான் எனக்குக் கூடு தேவைப்பட்டது. உங்கள் மேசைக்கு வரும் காசு ஒரு வீட்டிலிருந்து கிளம்பி வருகிறது. திரும்ப அந்த வீட்டுக்குத்தான் போகிறது. அவசரப்படுத்தினால் உட்காரச் சொல்லுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். தெரிந்ததை முழுதாகச் சொல்லுங்கள், தெரியாததற்கு முன்னால் நின்றுவிடுங்கள். விலை என்ன என்று கேட்பீர்கள். பழைய காலத்துப் போலிகளையும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் விலை கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. கொண்டுவந்து வைத்தது சவரிமுத்து. முதலாளிக்கு ஒன்று, எனக்குத் தனியாக ஒன்று. போனேன். கோயிலில் முன் வரிசைக்குப் பக்கத்தில் இடம் போட்டிருந்தார்கள். ரெஜினாவின் கழுத்தில் தங்கத்துக்கு நடுவே அந்தப் பதக்கம். வெட்டு நன்றாகவே தெரிந்தது. வெள்ளிக்கு நடுவில் செம்பு ஒரு கோடாக ஓடியது.

மண்டபத்தில் மொய் எழுத வரிசையில் நின்ற ஓர் அம்மா பெண்ணின் கழுத்தருகே குனிந்து, "என்ன புள்ள, நல்ல நாளும் அதுவுமா கீறல் விழுந்த காசப் போட்டிருக்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. செலின் பக்கத்தில்தான் நின்றாள், ரெஜினாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு.

ரெஜினா சித்தியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "அத இவுகளக் கேளுங்க. இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்தது எங்க சித்திதான். இனியும் அவுகதான் வச்சிருப்பாக" என்றாள்.

அன்று நான் வெட்கமே படாமல் இரண்டாம் தடவையும் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.